தாழ்ந்த பாலத்தடியில் மோட்டார் படகு நுழையுமா, நுழையாதா? (நார்ஃபோக் பிராட்ஸ்)

செல்வி_லெஸ்டர் | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். ஜூன் கடைசி வாரத்தில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பிராட்ஸ் நீர்வழிகளில் சுற்ற மோட்டார் படகு ஒன்றை வாடகைக்குப் பதிவு செய்திருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், கணவரின் தம்பி, மாமியார் என ஆறு பேர். ராக்ஸமில் படகை எடுத்து, பியூர் ஆற்றோடு இறங்கி, தர்ன் ஆற்றில் ஏறி, ஹிக்லிங் ஏரிக்குப் போக ஆசை. ஸ்வாலோடெய்ல் பட்டாம்பூச்சியைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று மகள் அடம்பிடிக்கிறாள்.

இடையில் பாட்டர் ஹைகம் பழைய பாலம் குறுக்கே நிற்கிறது. மேல்கூரையை மடித்தால் படகின் உயரம் 6 அடி 6 அங்குலம் என்று தாளில் போட்டிருக்கிறது. பாலத்துக்கு அடியில் ஏறக்குறைய ஆறே முக்கால் அடி இருக்கும் என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். "மூன்று அங்குலம் மிச்சம், தாராளமாகப் போகலாம்" என்கிறார் கணவர். படகுக் கம்பனிக்குத் தொலைபேசியில் கேட்டால், "அன்றைக்குத்தான் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு என்ன தெரியும், அதை எப்படிப் பார்ப்பது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.


நாரிச்வாசி | திங்கள், இரவு 10.25

பிள்ளை, முதலில் ஒரு நல்ல செய்தி. அந்தப் பாலத்துக்கு அடியில் வாடகைப் படகை உங்கள் கணவர் ஓட்டத் தேவையில்லை, ஓட்டவும் கூடாது. பாலத்தடியில் படகுகளைக் கொண்டுபோவதற்கென்றே உள்ளூர் வழிகாட்டிகள் இருப்பது அங்கே நெடுநாள் வழக்கம். அவர்களில் ஒருவர் ஏறிச் சுக்கானைப் பிடிப்பார். நீங்கள் உள்ளே உட்கார்ந்து கையையும் தலையையும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அவர் "இன்றைக்கு முடியாது" என்றால் முடியாது. அதற்கு மேல் மேல்முறையீடு இல்லை. உங்கள் கம்பனியில் இந்த ஏற்பாடு இப்போது எப்படி என்று பதிவுத் தாளில் பாருங்கள், அல்லது மறுபடி கேளுங்கள்.

இப்போது கெட்ட செய்தி. நீங்கள் பார்த்த ஆறே முக்கால் அடி என்பது சராசரிப் பெருக்கு நேரத்துக்கான, அதாவது கடல் ஏற்றத்தோடு ஆற்றிலும் தண்ணீர் ஏறி நிற்கும் நேரத்துக்கான கணக்கு. சராசரி என்றாலே பாதிப் பெருக்குகள் அதைவிட மேலே ஏறும் என்று அர்த்தம். அதோடு, அண்மை ஆண்டுகளில் வடக்கு ஆறுகளில் நீர்மட்டம் அடிக்கடி உயர்ந்தே நிற்கிறது என்பது அங்கே படகு வைத்திருப்பவர்கள் எல்லோருடைய புலம்பலும். பழைய பட்டியலை நம்பிப் புறப்பட்ட பல குடும்பங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கமே படகைக் கட்டிவிட்டுக் கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கின்றன.

ஆகவே பட்டியலை மறந்துவிடுங்கள். பாலத்தை நெருங்கும்போது தண்ணீரில் ஓர் அளவுப் பலகை நிற்கும். அது தண்ணீரின் ஆழத்தைக் காட்டுவதன்று. அந்த நொடியில் பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையே எவ்வளவு வெளி இருக்கிறது என்பதைக் காட்டுவது. அதனால் எண்கள் தலைகீழாகப் போகும்: பெரிய எண் கீழே, சிறிய எண் மேலே. தண்ணீர் ஏற ஏற நீங்கள் வாசிக்கும் எண் குறையும். தண்ணீர் பலகையைத் தொடும் இடத்தில் உள்ள எண்தான் உங்களுக்கு வேண்டியது.


கணக்கன் | திங்கள், இரவு 11.10

பலகையின் எண் சரி. ஆனால் அது பாலத்தின் எந்த இடத்துக்கான எண்? இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பாட்டர் ஹைகம் பாலம் இடைக்காலத்தது. நடுவில் அரைவட்ட வளைவு ஒன்று, இரு பக்கமும் கூர்முனை வளைவுகள் இரண்டு. படகு போவது நடு வளைவில். வளைவின் உச்சியில் இருக்கும் உயரம் அதே வளைவின் ஓரத்தில் கிடையாது. படகின் கூரையோ ஏறக்குறையத் தட்டை. முதலில் முட்டுவது கூரையின் நடுப்பகுதி அல்ல, அதன் இரண்டு தோள்களும், அதாவது பக்க ஓரங்களும்தான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இது அந்தப் பாலத்தின் அளவு அல்ல, வெறும் உதாரணம். வளைவின் ஆரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூரை நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 1.2 மீட்டர் அகலம். அந்த இடத்தில் வளைவு உச்சியைவிட 25 செ.மீ. தாழ்ந்திருக்கும். அதாவது உச்சியில் 10 செ.மீ. மிச்சம் இருக்கிறது என்று நீங்கள் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது, தோளில் 15 செ.மீ. போதாமல் இருக்கிறது.

இன்னும் ஒன்று. படகு நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ. விலகினால் ஒரு பக்கத் தோள் 1.5 மீட்டருக்குப் போய்விடும். அங்கே வளைவின் தாழ்வு 40 செ.மீ. ஒரு முழத்துக்கும் குறைவான விலகலுக்கு 15 செ.மீ. உயரம் காலி. வழிகாட்டி எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பிராட்ஸுக்கென்று கட்டிய பழைய படகுகளில் கூரையின் ஓரங்கள் உட்பக்கம் சாய்ந்து வட்டமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக மட்டும் அல்ல.

செல்வி அக்கா, தாளில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். கூரையின் மேல்மட்டத்தில் அகலம் எவ்வளவு, ஓரம் வளைந்ததா தட்டையா என்றும் கேளுங்கள். இரண்டு படகுகளுக்கும் ஒரே உயரம். ஒன்று போகும், மற்றது போகாது.


பாலா_படகு | செவ்வாய், காலை 7.15

காலையிலேயே தலை சுற்றுகிறது. சொந்தமாக ஒரு சிறிய படகு வைத்திருக்கிறேன். இவ்வளவு கணக்குப் போட்டால் வீட்டை விட்டே கிளம்ப முடியாது. பலகையைப் பாருங்கள், படகின் உயரத்தைப் பாருங்கள், இரண்டு அங்குலம் மிச்சம் இருந்தால் நடுவைப் பிடித்து மெதுவாகப் போங்கள். அவ்வளவுதான்.

இரண்டு அங்குலம் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. கரையில் நிற்கும் நாலைந்து பேரைக் கூப்பிட்டு ஏற்றினால் படகு அமிழும். ஊரில் எல்லோரும் செய்வதுதான்.


நாரிச்வாசி | செவ்வாய், காலை 8.50

தம்பி பாலா, சொந்தப் படகு உங்கள் பாடு, உங்கள் காப்புறுதி. ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு, அதுவும் முதல்முறை போகிறவர்களுக்கு, "இரண்டு அங்குலம் போதும்" என்று எழுதலாமா?

எந்த இரண்டு அங்குலம் அது? எதிரே ஒரு படகு வந்துவிட்டுப் போனால் அதன் அலையே அதைத் தின்றுவிடும். பலகையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தால் இரண்டு எண்கள் தெரியும். அதில் சிறியதை எடுப்பவர்கள் குறைவு, பெரியதை எடுப்பவர்களே அதிகம். பாசி பிடித்த பலகையில் அரை அங்குலத்தைக் கண்ணால் பிடித்தேன் என்பவரை நான் நம்ப மாட்டேன். இவற்றையெல்லாம் கூட்டிப் பாருங்கள். தட்டையான பாலமானாலும் நாலு அங்குலத்துக்குக் குறைவாக மிச்சம் இருந்தால் நான் படகை நகர்த்துவதில்லை. வளைவுப் பாலமானால் அந்த நாலு அங்குலமும் தோளில் இருக்க வேண்டும், உச்சியில் அல்ல.


கணக்கன் | செவ்வாய், மதியம் 12.30

ஆளை ஏற்றி அமிழ்த்தும் யோசனையையும் கணக்குப் பார்த்துவிடுவோம், பாலா அண்ணா கோபித்துக்கொள்ளாவிட்டால்.

10 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலமுள்ள படகு. முனைகள் குறுகுவதைக் கழித்தால் தண்ணீரில் அதன் தளம் ஏறக்குறைய 26 சதுர மீட்டர். ஒரு செ.மீ. அமிழ்த்த 260 கிலோ வேண்டும். எழுபது கிலோவில் நாலு பேர் ஏறினால் ஒரு செ.மீ.தான், அரை அங்குலம்கூட இல்லை. பத்துப் பேர் ஏறினாலும் 2.7 செ.மீ. தண்ணீர்த் தொட்டி காலியா நிரம்பியா என்பதும் இதே அளவு வித்தியாசம்தான்: நானூறு லிட்டருக்கு ஒன்றரை செ.மீ.

ஆட்கள் எத்தனை பேர் என்பதைவிட எங்கே உட்காருகிறார்கள் என்பதுதான் விளையாடும். எல்லோரும் பின்பக்கம் போய் நின்றால் முன்பக்கம் தூக்கும். ஒரு பாகை சாய்ந்தால் நடுவிலிருந்து நாலு மீட்டர் தள்ளியிருக்கும் கூரை முனை 7 செ.மீ. எழும்பிவிடும். வேகத்தைக் கூட்டினாலும் இதுவே நடக்கும்: பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் மேலே வரும். பக்கவாட்டில் சாய்ந்தால் இன்னும் மோசம். ஒரு தோள் தாழ மற்றத் தோள் எழும்பும்.

ஆகவே ஆறு பேரும் கூரைக்குக் கீழே, இரு பக்கமும் சமமாக உட்கார்ந்து, அடுத்த கரை வரும்வரை எழும்பக் கூடாது.

இன்னொன்று, கரையில் இருந்து ஏற்றிய நாலு பேரையும் திரும்பி வரும்போது எங்கே தேடுவது?


மயிலிட்டியான் | செவ்வாய், மாலை 6.05

கணக்கன் தம்பி நன்றாக எழுதுகிறார். ஆனால் கணக்கில் போடும் முதல் எண்ணே பிழையானால்? படகின் உயரத்தைச் சொல்கிறேன்.

போன கோடையில் நாங்கள் எடுத்த வாடகைப் படகில் சுக்கானுக்கு முன்னால் ஒரு தகடு: இத்தனை அடி இத்தனை அங்குலம் என்று. நல்லது என்று நினைத்தேன். கூரையில் ஏறிப் பார்த்தால் தொலைக்காட்சிக்கான தட்டை அலைவாங்கி ஒன்றைப் பிறகு பொருத்தியிருக்கிறார்கள். பழைய தகடு அப்படியே கிடக்கிறது. கேட்டதற்கு, "அது மடங்கும்" என்றார்கள். மடங்கிய பிறகும் கூரைக்கு மேல் மூன்று விரல்கடை நின்றது. கூரைக்கு மேல் இருக்கும் எதையும் விடாமல் கண்ணால் பாருங்கள்: தேடுவிளக்கு, கொடிக்கம்பு, காற்றுப்போக்கி மூடி, சாய்த்து வைத்த சைக்கிள், காயப்போட்ட துவாய் தொங்கும் கம்பி.

நீங்களே அளப்பது கடினம் இல்லை. காற்றில்லாத காலையில், படகைக் கட்டியிருக்கும்போது, நீளமான நேர் மரச்சட்டம் ஒன்றை கூரையின் உயர்ந்த இடத்தில் குறுக்காக வைத்து, பக்கத்துக்கு வெளியே நீட்டுங்கள். ரசமட்டத்தை அதன் மேல் வைத்து மட்டம் பிடியுங்கள். நீட்டிய நுனியிலிருந்து அளவு நாடாவைத் தண்ணீர் தொடும்வரை இறக்குங்கள். நாடாவின் நுனியில் ஒரு சிறு ஈயக்குண்டு கட்டினால் நேராக நிற்கும். எல்லோரும் படகில் ஏறி இருக்கும்போது ஒன்று, வெறும் படகாக ஒன்று. பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்தின் கடைசியில் டீசலும் தண்ணீரும் குறைந்து படகு மிதந்து எழும்பும், அதையும் மறவாதீர்கள்.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் தாழ்வான இடத்துக்குள் வள்ளம் விடும்போது அணியத்தில் (முன்முனையில்) ஒருவரைத் தடியோடு நிறுத்துவார்கள். வள்ளத்தின் மிக உயர்ந்த இடத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கும் தடி. தடி தட்டினால் பின்வாங்க வேண்டும். சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் இலேசான பிளாஸ்டிக் குழாயில் கால்பந்துக் கோல்கம்பம் போலக் குறுக்குச் சட்டத்தோடு செய்து முன்னால் நட்டுக்கொள்ளலாம். குறுக்குச் சட்டம் கூரையின் அகலத்துக்கே இருக்க வேண்டும். வாடகைப் படகில் இதைச் செய்யப் போய் அணியத்தில் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள். பாலத்தடியில் அணியத்தில் யாருமே நிற்கக் கூடாது.


செல்வி_லெஸ்டர் | செவ்வாய், இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. கணவருக்கு வாசித்துக் காட்டினேன். "தோள்" என்ற இடத்தில் அமைதியாகிவிட்டார்.

இரண்டு கேள்விகள். முதலாவது, தண்ணீர் குறையும் நேரம் பார்த்துப் போனால் இடைவெளி கூடாதா? ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையில், ஆறு கடலில் சேரும் யார்மத் ஊருக்கு நேரம் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, மைத்துனர் ஹிக்லிங் வேண்டாம், யார்மத் வழியாகத் தெற்கு ஆறுகளுக்குப் போவோம் என்கிறார். அது எளிதா?


நாரிச்வாசி | செவ்வாய், இரவு 10.40

இரண்டும் வேறு வேறு விளையாட்டு.

பாட்டர் ஹைகம் கடலிலிருந்து தள்ளி உள்ளே இருக்கிறது. யார்மத்தில் வற்றிப் பல மணி நேரம் கழித்துத்தான் அங்கே தண்ணீர் கொஞ்சம் இறங்கும், அதுவும் சில அங்குலம்தான். யார்மத் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாலத்தடியில் காத்திருந்தால் பொழுதுதான் போகும். அங்கே தண்ணீரை ஏற்றி இறக்குவது முந்திய நாட்களின் மழையும் காற்றும். வடகடலில் வடமேற்கிலிருந்து பலத்த காற்று வீசினால் கிழக்குக் கரையில் தண்ணீர் குவியும். ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு இறங்க வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். வானம் நீலமாக இருக்கும், மழை ஒரு துளி இராது, பலகையில் மட்டும் ஓர் அடி குறைந்திருக்கும். 2013 டிசம்பர் 5 அன்று வந்த கடல்மட்டப் பேரேற்றம் இதன் உச்சம். ஜூன் மாதத்தில் அவ்வளவு வராது, ஆனால் வகை அதுதான்.

யார்மத் அப்படியல்ல. அங்கே பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது, நீரோட்டம் கடுமை. பியூர் ஆற்றின் வாயருகே உள்ள பாலங்கள் தாழ்வானவை. பெருக்கு நேரத்தில் அங்கேயும் பாட்டர் ஹைகம் அளவுதான் வெளி இருக்கும். வற்றிய பிறகு, நீர் அசையாமல் நிற்கும் சிறு இடைவேளையில்தான் கடப்பது வழக்கம். அது அட்டவணையில் போட்ட வற்று நேரமன்று. அதற்கு ஒரு மணி நேரம், அதைவிடச் சற்றுக் கூடப் பிந்தி வரும். அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால் கோடையில் இன்னும் ஒரு மணியைக் கூட்ட வேண்டும். இந்த ஒரு மணியைக் கூட்ட மறந்து, ஓடும் தண்ணீரில் போய் விழுபவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கலாம்.

கிரேட் யார்மத் படகு நிலையத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசுங்கள். பருவ காலத்தில் பணியாளர்கள் இருப்பார்கள். இப்போது பாலத்தடியில் எவ்வளவு வெளி, எப்போது வரலாம் என்று சொல்வார்கள். மாமியாரோடு முதல் பயணம் என்றால் நான் வடக்கிலேயே நிற்பேன். வடக்கு ஆறுகளில் பார்ப்பதற்கு மூன்று நாள் போதாது.


தேம்ஸ்கரை | புதன், காலை 10.20

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தேம்ஸில் படகு ஓட்டுபவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பாலத்துக்குக் கீழே இத்தனை மீட்டர் என்று எங்கே படித்தாலும், எந்த நீர்மட்டத்திலிருந்து அளந்தது என்று கேட்கப் பழகுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு தொடக்கம்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஓஸ்னி பாலம் 2.28 மீட்டர். கீழ்த் தேம்ஸில் ஓடும் உயரமான படகுகள் அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே திரும்பும். ஆனால் அது வழக்கமான கோடை நீர்மட்டத்துக்கான எண். மழைக்குப் பிறகு மதகுக் காவலர்கள் கடும் நீரோட்ட எச்சரிக்கையாகச் சிவப்புப் பலகை மாட்டிவிட்டால் அந்த 2.28-க்கு மதிப்பில்லை.

கடல் பக்கம் போனால், இப்போதைய பிரிட்டிஷ் கடல்வரைபடங்களில் பாலத்தின் உயரத்தை வானியல் கணிப்பின்படி வரக்கூடிய மிக உயர்ந்த ஓதமட்டத்திலிருந்து அளக்கிறார்கள். பெரும்பாலும் வரைபடத்தில் உள்ளதைவிடக் கூடுதல் இடம்தான் கிடைக்கும். அமெரிக்க வரைபடங்களில் சராசரிப் பெருக்கு மட்டத்திலிருந்து. பிராட்ஸ் பட்டியலும் சராசரிப் பெருக்குதான். ஒரே 2 மீட்டர். ஒரு இடத்தில் அது குறைந்தபட்ச உத்தரவாதம், இன்னொரு இடத்தில் பாதி நாள் பொய்.

பிரான்சில் கனால் து மிடியில் காப்பெஸ்டாங் என்று ஒரு ஊர். அங்குள்ள வளைவுப் பாலத்தைக் கடக்க முடியுமா என்பதுதான் அந்தக் கால்வாயில் படகு விற்பவர்கள் வாங்குபவர்கள் எல்லோருடைய அளவுகோல். கணக்கன் சொன்ன தோள் விவகாரம்தான் அங்கேயும். கால்வாயில் ஓதம் கிடையாது, மதகுகளால் மட்டம் கட்டுப்படுகிறது. ஆனாலும் உரசிய கீறல்கள் வளைவின் இரு பக்கத்திலும் இருக்கின்றன, உச்சியில் இல்லை.


பாலா_படகு | புதன், மதியம் 1.45

சரி, இரண்டு அங்குலத்தை நான் வாபஸ் வாங்கவில்லை, ஆனால் செல்வி அக்காவுக்கு அது பொருந்தாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுவது பற்றி யாரும் எழுதவில்லையே, அதைச் சொல்கிறேன். லடம் பாலம், ஏக்கிள் பாலம் போல நீங்களே ஓட்ட வேண்டிய பாலங்களும் வழியில் வரலாம்.

போவதா வேண்டாமா என்ற முடிவைப் பாலத்தின் வாசலில் போய் எடுக்காதீர்கள். கரையில் கட்டி நின்றுகொண்டு எடுங்கள். பலகை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்த பிறகு திரும்ப நினைத்தால், பின்னால் இருந்து நீரோட்டம் தள்ளும்போது படகு திரும்பாது. குறுக்காகப் போய் வளைவில் சார்த்திக்கொள்ளும். முடிந்தால் நீரோட்டத்துக்கு எதிராகப் போகும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எதிர்த்துப் போகும்போது தரையைப் பொறுத்த வேகம் குறைவு, சுக்கானுக்கோ பிடிப்பு அதிகம், விசையைக் குறைத்தாலே படகு நின்றுவிடும். நீரோட்டத்தோடு வரும் படகுக்குத்தான் முன்னுரிமை என்பதால், எதிரே யாராவது வந்தால் நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும்.

மெதுவாக என்றால் நியூட்ரலில் மிதப்பது அல்ல. இயந்திரம் தள்ளாவிட்டால் சுக்கான் வேலை செய்யாது. வளைவுக்கு வெகு முன்னாலேயே நேர்பிடித்து, மெல்லிய விசையில் நேராகவே போங்கள். உள்ளே போன பிறகு சுக்கானைத் திருப்பினால் முன்பக்கம் ஒரு பக்கம் போகும், பின்பக்கம் எதிர்ப்பக்கம் வீசும்.

மேல்கூரையை மடித்து, முன்கண்ணாடியையும் இறக்கியபின் படகில் மிக உயரமான பொருள் எது தெரியுமா? ஓட்டுபவரின் தலை.


மயிலிட்டியான் | புதன், மாலை 5.30

பாலா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உரசிவிட்டால் கையால் தள்ளக் கூடாது. எத்தனையோ டன் எடையுள்ள படகைக் கையால் நிறுத்தலாம் என்று அந்த நொடியில் எல்லோருக்கும் தோன்றும். கல்லுக்கும் படகுக்கும் இடையில் விரல் போனால் போனதுதான். மெதுவாக ரிவர்ஸ் கியரில் வந்த வழியே பின்வாங்குங்கள். சிக்கிக்கொண்டது தண்ணீர் இறங்கும் நேரம் என்றால் காத்திருந்தாலே விடுபடும். ஏறும் நேரம் என்றால் ஒவ்வொரு நிமிடமும் இறுகும். உடனே ஆட்களை வெளியேற்றி உதவி கேட்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் பாலத்தில் இடித்த சேதம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பொடி எழுத்தையும் படியுங்கள். சேதத்துக்கான முன்பணத்தில் மேல்கட்டுமானம் அடங்காது என்று சிலர் போடுகிறார்கள்.


கணக்கன் | புதன், இரவு 8.15

இதுவரை எல்லோரும் போவதைப் பற்றியே பேசினோம். வருவது?

பாட்டர் ஹைகமுக்கு மேலே போய்விட்ட படகு அதே பாலத்தடியில்தான் திரும்ப வேண்டும், வேறு வாசல் கிடையாது. பழைய பாலத்தைத் தாண்டினால் அடுத்தாற்போல் ஏ149 சாலைப் பாலம், அதற்குப் பிறகு ஹிக்லிங், ஹார்ஸி, மார்த்தம் பக்கம். எல்லாம் ஒரு முட்டுச்சந்து. போன அன்று நாலு அங்குலம் மிச்சம் இருந்து, இரவில் காற்று மாறி, மறுநாள் பலகையில் அரை அடி குறைந்திருந்தால் நீங்கள் மேலேயே மாட்டிக்கொண்டீர்கள். படகை ஒப்படைக்கும் நாள் சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான்.

ஆகவே போகலாமா என்பதைவிட, போய் எத்தனை மணி நேரம் மேலே இருக்கப்போகிறோம் என்பதுதான் கேள்வி. நான் பார்ப்பது மூன்று: முந்தைய இரண்டு நாள் பலகை ஏறியதா இறங்கியதா (கரையில் உள்ள கடைக்காரரைக் கேட்டாலே சொல்வார்), வடகடல் காற்றுக்கான முன்னறிவிப்பு, வளிமண்டல அழுத்தம். அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரும். 1025-லிருந்து 1005-க்கு இறங்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால், கடலில் 20 செ.மீ. ஆற்றுக்குள் அது முழுதாக வராது, பிந்தியும் வரும். ஆனால் உங்கள் மிச்சமே 10 செ.மீ. அல்லவா? அழுத்தம் உயர்ந்து நிலைத்து நிற்கும் வாரமானால் கொஞ்சம் துணிச்சலோடு மேலே இரவு தங்கலாம். இல்லையென்றால் காலையில் போய் மாலைக்குள் கீழே வந்துவிட வேண்டும்.


செல்வி_லெஸ்டர் | வெள்ளி, இரவு 9.20

இரண்டு நாள் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். படகுக் கம்பனியோடு மறுபடி பேசினேன். இம்முறை கேட்க வேண்டியதைக் கேட்டேன். கூரையின் ஓரம் தட்டை. அகலத்தைக் கேட்டதும் அந்தப் பெண் உள்ளே போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்து, இந்த வகைப் படகை அந்தப் பாலத்தடியில் கொண்டுபோவதே இல்லை, தண்ணீர் எவ்வளவு குறைந்தாலும் இல்லை என்றார். பதிவு செய்யும்போது இதைச் சொல்லியிருக்கலாம்!

புதிய திட்டம் இது. பெரிய படகைப் பாட்டர் ஹைகமில் பாலத்துக்குக் கீழேயே கட்டிவிடுவோம். ராக்ஸமிலிருந்து அதுவரை வழியில் பாலமே இல்லை என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டேன். அங்கிருந்து டாக்ஸி பிடித்து ஹிக்லிங் சரணாலயத்துக்குப் போய், நார்ஃபோக் வனவுயிர் அறக்கட்டளை நடத்தும் படகுச் சுற்றில் ஏறுவோம். மாமியாருக்கும் அதுவே வசதி. கணவருக்குத்தான் மனம் ஆறவில்லை. தம்பியோடு ஒரு நாள் வாடகைச் சிறு படகை எடுத்துப் பாலத்தடியில் போய்வர வேண்டுமாம். அதற்குப் பலகையில் எவ்வளவு இருக்க வேண்டும்?


நாரிச்வாசி | வெள்ளி, இரவு 10.05

நல்ல திட்டம், பிள்ளை. சரணாலயப் படகுச் சுற்றுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள், ஜூனில் இடம் கிடைப்பது கடினம். பட்டாம்பூச்சி வெயில் இருந்தால்தான் பறக்கும். மேகம் மூடியிருந்தால் மறுநாளைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு வையுங்கள். கொக்கு வகையில் பெரிய கிரேன் பறவைகளும் அந்தப் பக்கம் உண்டு.

சிறு படகு விஷயம்: எந்த எண் வேண்டும் என்பதை நாங்கள் சொல்லக் கூடாது, படகு தருபவர் சொல்வார். அந்தப் படகுகளில் பல தாழ்வானவை, சில வெயில்கூரையோடு வரும். பாலத்தடியில் போக அனுமதி உண்டா, உண்டென்றால் பலகையில் எந்த எண் வரைக்கும், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதி ஓட்டுபவரின் கண்முன் ஒட்டச் சொல்லுங்கள். அண்ணனும் தம்பியும் பாலத்தடியில் நின்று வாதாடுவதற்கு அங்கே இடம் இல்லை.


செல்வி_லெஸ்டர் | வெள்ளி, இரவு 10.30

ஐயா, ஒட்டிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: பலகை பாலத்துக்கு இரு பக்கமும் இருக்குமா? திரும்பி வரும்போது எதைப் பார்ப்பது?


நாரிச்வாசி | வெள்ளி, இரவு 10.50

திரும்பும்போது மேல்பக்கத்துப் பலகையைப் பார்க்க வேண்டும். காலையில் வாசித்த எண்ணை வைத்து மாலையில் போகக் கூடாது. போகும்போதே திரும்பிப் பார்த்து, மேல்பக்கத்துப் பலகை எங்கே நிற்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாணல் வளர்ந்திருந்தால் கிட்ட வரும்வரை தெரியாது. பாலத்துக்கு முன்னால் எந்தக் கரையில் படகைக் கட்டி நிறுத்தலாம் என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். பலகையைப் படிக்க முடியாவிட்டால் அங்கே கட்டிவிட்டு, ஒருவர் கரையில் நடந்து போய்ப் பார்த்து வரட்டும்.